இருபத்தைந்தாவது தோட்டா

செஞ்சியில் துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் பெண்கள் எத்தனை பேரோ, எனக்குத் தெரிந்து ஒருத்திதான். பெயர் வளர்மதி. வயது நாற்பத்தெட்டு. வீடு டவுனுக்குள். நிலம் சந்திரகிரி மலைக்குப் பின்புறம், பாறைகள் முடிந்து செம்மண் தொடங்குகிற இடத்தில், இரண்டரை ஏக்கர். கிணற்றில் தண்ணீர் இருக்கிற வருஷம் மார்கழியில் மல்லாட்டை போடுவாள். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். காய் பிடிக்கும் நேரம் பார்த்து மலையிலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கும். ஒரு கூட்டம் ஒருமுறை வந்து போனால் போதும், அரை ஏக்கர் ஏர் ஓட்டின மாதிரி கிடக்கும்.

அதற்காகத்தான் அவள் புருஷன் செல்லப்பன் பயிர்ப் பாதுகாப்புக்கென்று ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு உரிமம் வாங்கியிருந்தான். பன்றியைச் சுடுவதற்கில்லை. வானத்தைப் பார்த்து ஒரு வேட்டுப் போட்டால் அந்தச் சத்தத்துக்கே அவை மலையேறிவிடும். செல்லப்பன் ஒரு தை மாதத்தில், கமிட்டியில், அதாவது ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில், நெல் மூட்டைகளோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்த கையோடு, ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்த மகன் விமல்ராஜ், துப்பாக்கியை அரசாங்கத்திடமே ஒப்படைத்துவிடலாம் என்றான். நிலத்தையும் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொன்னான். வளர்மதி தலையை ஆட்டவில்லை.

"உங்க நைனா செத்தாரு. பன்னி சாவலியே" என்றாள்.

வாரிசு என்ற முறையில் தன் பெயருக்கு உரிமம் கேட்டு மனுப் போட்டாள். போலீஸ் விசாரணை, வி.ஏ.ஓ. அறிக்கை, துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிச் சான்றிதழ், டாக்டர் சான்றிதழ் என்று பதினான்கு மாதம் இழுத்தது. அதுவரை துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனில் கிடந்தது. திங்கட்கிழமை தோறும் ஒரு மஞ்சள் பையில் காகிதங்களோடு விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கு பஸ் ஏறினாள். கடைசியில் அந்தப் பிரிவு கிளார்க்கே, நீங்கள் வர வேண்டாம், வந்ததும் போன் பண்ணுகிறேன் என்று கும்பிடு போட்டார். அதற்கடுத்த திங்கட்கிழமையும் போனாள். உரிமம் வந்தது.

இது நடந்து இரண்டு வருஷம் கழித்து, மூன்று வருஷத்துக்கு முந்தின பங்குனியில்தான் நான் சொல்ல வந்த விஷயம் நடந்தது.

வளர்மதியின் வீட்டுக்கு அடுத்த வீடு ஜாஹிதா பேகத்தினுடையது. ஜாஹிதா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைப்பவள். அவள் புருஷன் உஸ்மான் திண்டிவனம் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள் இர்பானா. நர்சிங் முடித்து, செஞ்சியிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் வேலை பார்த்து, பரீட்சைகள் எழுதி, மஸ்கட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை வாங்கியிருந்தாள். பிறந்ததிலிருந்து அவளுக்கு வளர்மதி பெரியம்மாதான்.

விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பை ஏழு கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது, அளவும் சின்னதாக இருக்க வேண்டும் என்றார்கள். இர்பானாவிடம் இருந்தது பெரிய பை. வளர்மதி பரணிலிருந்து செல்லப்பனின் நீல நிற ரெக்சின் பையை இறக்கினாள். அடிப்பக்கத்தில் அட்டை வைத்த, உறுதியான பை. தூசி தட்டி, எல்லா அறைகளிலும் கைவிட்டுப் பார்த்து, கவிழ்த்துத் தட்டி, ஒருநாள் முழுக்க வெயிலில் வைத்துக் கொடுத்தாள். உள்துணி ஒரு பக்கம் அரையடி நீளத்துக்குக் கிழிந்திருந்தது. ஜாஹிதா அதை நீல நூலால் கையாலேயே அடித்தையல் போட்டுச் சரிசெய்தாள். உள்ளே ஏதாவது இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

ஒரு புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்கு விமானம். உஸ்மான் மகளைக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிட்டு, கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

பாதுகாப்புச் சோதனையில் பை மெஷினுக்குள் போனது. வெளியே வரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பெல்ட்டை நிறுத்தினார். பையை மறுபடியும் பின்னால் இழுத்து, மறுபடியும் அனுப்பினார். பிறகு சீருடை போட்ட பெண் ஒருத்தி வந்து, இது உங்களுடையதா என்று இந்தியில் கேட்டு, இர்பானா விழித்ததும் தமிழ் தெரிந்த இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். துணிகளை எல்லாம் வெளியே எடுத்து வைத்தார்கள். பை காலியானது. காலிப் பையை மெஷினில் விட்டார்கள். அப்போதும் திரையில் அது தெரிந்தது. உள்துணியில் புதுத் தையலைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மாறியதாக இர்பானா பிறகு சொன்னாள். தையலைப் பிரித்து அட்டையைத் தூக்கினார்கள். விரல் நீளத்துக்குப் பச்சை நிறக் குழாய் ஒன்று, ஒரு முனையில் பித்தளை மூடியோடு உருண்டு வந்தது. டார்ச் லைட்டின் பேட்டரி என்றுதான் இர்பானா நினைத்தாள். இன்னும் சுடாத துப்பாக்கித் தோட்டா என்று அவர்கள்தான் சொன்னார்கள்.

பை யாருடையது என்று கேட்டார்கள். உள்ளே தைத்தது யார் என்று கேட்டார்கள்.

அந்த இடத்தில் இர்பானா ஒரு நிமிஷம்தான் யோசித்தாள். பச்சைத் தோட்டாவை அவள் பார்த்ததில்லை. ஆனால் நீலப்பை செல்லப்பன் பெரியப்பாவுடையது என்பதும், பெரியப்பா வீட்டில் துப்பாக்கி உண்டு என்பதும் தெரியும். பெரியம்மா பெயரைச் சொன்னால் போலீஸ் ஜீப் நேராக அடுத்த வீட்டு வாசலுக்கு வரும். தைத்தது அம்மா என்றால் அம்மாவையும் கூட்டிப்போவார்கள். பை என்னுடையது, தைத்ததும் நான்தான், இது எப்படி உள்ளே வந்தது என்று தெரியாது என்றாள். அதையே எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். விமானம் அவள் இல்லாமல் போனது.

விமான நிலையப் போலீஸ் ஸ்டேஷனில் ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. யாரும் அவளிடம் கடுமையாக நடக்கவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், சாப்பிடச் சொன்னார்கள். கைது செய்யாமல், கூப்பிடும்போதெல்லாம் வர வேண்டும் என்று நோட்டீஸ் கொடுத்து, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, சாயங்காலம் உஸ்மானோடு அனுப்பிவைத்தார்கள்.

மறுநாள் காலையில் வளர்மதி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தபோது, மஸ்கட்டில் இருக்க வேண்டிய பெண் அவள் அப்பாவோடு தெருவில் நடந்து வந்தாள். கையில் பெரிய பை மட்டும் இருந்தது. உஸ்மான் வளர்மதியைப் பார்க்காமல் உள்ளே போனார். வாயில் துணியை வைத்துக்கொண்டு ஜாஹிதா அழுகிற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. வளர்மதி துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். என்ன நடந்தது என்று உஸ்மான் சுவரைப் பார்த்தபடி சொன்னார். பைக்குள்ளே தோட்டா இருந்ததாம். அதைக் கேட்டதும் வளர்மதி திரும்பித் தன் வீட்டுக்கு வந்தாள்.

பீரோவைத் திறந்து பிஸ்கட் டின்னை எடுத்தாள். செல்லப்பன் கடைசியாக இருபத்தைந்து தோட்டா வாங்கியிருந்தான். வாங்கினது உரிமப் புத்தகத்தில் கடை முத்திரையோடு இருக்கிறது. புதிதாக வாங்க வேண்டுமென்றால் சுட்ட தோட்டாக்களின் வெறுங்கூட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால், அவன் ஒவ்வொரு கூட்டையும் வயலில் தேடிப் பொறுக்கி வந்து அதே டின்னில் போடுவான். அவளும் அப்படியே செய்தாள். டின்னைத் தரையில் கொட்டினாள். வெறுங்கூடு பதினேழு. சுடாதது ஏழு. மறுபடி எண்ணினாள். இருபத்து நாலுதான் வந்தது. சென்னைக் கடையிலிருந்து தோட்டாக்களை செல்லப்பன் அந்த நீலப்பையில்தான் கொண்டு வந்தான். அட்டைப் பெட்டி பையிலேயே கிழிந்துவிட்டது என்று அன்றைக்கு அவன் சொன்னது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

பெட்டியை அப்போதே எண்ணியிருக்க வேண்டும். அவன் எண்ணவில்லை. அவன் போன பிறகு உரிமம் தன் பெயருக்கு வந்தபோது அவள் எண்ணியிருக்க வேண்டும். அவளும் எண்ணவில்லை. இதை அவளே என்னிடம் பிறகு சொன்னாள். அழுகை வரவில்லையாம். எழுந்து முகம் கழுவிக்கொண்டு மறுபடி பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

தோட்டா தன்னுடையது என்று சொன்னாள். இர்பானாவுக்கு அது புதுச் செய்தியாக இல்லை.

"தெரிஞ்சிக்கினேதான் உன் பைன்னு சொன்னியா?" என்று வளர்மதி கேட்டாள்.

"உங்களுக்கு யாரு இருக்காங்க பெரிம்மா? விமல் அண்ணன் ஓசூர்ல கெடக்குது. எனக்கு அத்தா, அம்மா ரெண்டு பேரு இருக்காங்க" என்றாள் இர்பானா.

ஒரு வார்த்தைகூட யாரும் தன்னைத் திட்டாததுதான் வளர்மதிக்குத் தாங்க முடியாததாக இருந்தது. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

அன்று மாலையே வக்கீல் அமலாவைப் போய்ப் பார்த்தார்கள். அமலா செஞ்சிக் கோர்ட்டில் வழக்காடுபவர். சென்னை ஐகோர்ட்டில் அவருக்கு ஒரு சீனியர் இருந்தார். முதல் தகவல் அறிக்கையைப் படித்துவிட்டு, விஷயத்தை மறைக்காமல் சொன்னார். உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருந்தால் இரண்டு வருஷத்துக்குக் குறையாமல் ஐந்து வருஷம் வரை தண்டனை. ஒரே ஒரு தோட்டா என்பதும், துப்பாக்கி இல்லை என்பதும் காரணம் ஆகாது. ஆனால் ஒரு பொருள் தன்னிடம் இருப்பதே தெரியாதவர் அதை வைத்திருந்ததாகச் சட்டம் பார்ப்பதில்லை. இதைச் சொல்லி ஐகோர்ட்டில் வழக்கையே ரத்து செய்யக் கேட்கலாம். இர்பானாவின் வாக்குமூலம்தான் இடைஞ்சல். பையும் என்னுடையது, தையலும் நான் போட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். பையின் அடியில் தோட்டாவை வைத்து மேலே தைத்து மறைத்தாள் என்று எழுத போலீஸுக்கு அது போதும்.

பிறகு அமலா வளர்மதி பக்கம் திரும்பினார்.

"நான் இந்தப் பொண்ணோட வக்கீல். உங்களுக்கு நான் யோசனை சொல்லக் கூடாது. நீங்க தனியா ஒரு வக்கீலைப் பாருங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் தெரிஞ்சிக்கங்க. தோட்டாவைப் பத்திரமா வெக்காததுக்கு ஆறு மாசமோ, அபராதமோ, ரெண்டுமோ போடலாம். ஆனா தெரிஞ்சே இவ கையில குடுத்து அனுப்பினீங்கன்னு எழுதினாங்கன்னா, அது ஏழு வருஷத்துல ஆரம்பிக்கும். உரிமமும் போயிடும்."

வளர்மதி கேட்ட ஒரே கேள்வி, அந்த ஸ்டேஷனுக்கு எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்பது.

இரவு விமல்ராஜ் போனில் கத்தினான். அவன் கெட்ட பிள்ளை இல்லை, பயந்துபோனான். பை இருபது வருஷமாக யார் யார் கையிலோ இருந்தது, அந்தத் தோட்டா யாருடையது என்று யாரால் சொல்ல முடியும், நீ வாயைத் திறக்காமல் இருந்தால் அமலா மேடம் எப்படியாவது அவளை வெளியே கொண்டுவந்துவிடுவார் என்று அடுக்கினான். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் மூச்சு வாங்கியபோது சொன்னாள்: "அந்தப் பொண்ணு எனக்காவப் பொய் சொல்லிட்டு வந்து நிக்குது. நான் உண்மையச் சொல்ல மாட்டனா?" போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை முதல் காரியமாகத் துப்பாக்கியையும் டின்னையும் எடுத்துக்கொண்டு செஞ்சி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். தோட்டாக்களை நேராகச் சென்னைக்கே எடுத்துப்போய்க் காட்டலாமா என்று முதல்நாள் இர்பானா கேட்டிருந்தாள். ஒரு தோட்டா போய்ச் சேர்ந்தது போதும், மீதியை நாம் கொண்டுபோக வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். துப்பாக்கியையும், ஏழு தோட்டாவையும், பதினேழு வெறுங்கூட்டையும் ஒப்படைப்பதாக எழுதிக் கொடுத்தாள். தேர்தல் சமயத்தில் ஒப்படைப்பது வழக்கம்தான், இப்போது எதற்கு என்று ரைட்டர் கேட்டார். சொன்னாள். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு, எண்ணிக்கையும் தோட்டா தயாரித்த கம்பெனியின் பெயரும் தெளிவாகத் தெரியும்படி ரசீது எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

ஜாஹிதாவைக் கிளப்புவதுதான் கஷ்டமாக இருந்தது. வாழ்நாளில் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறாதவள். நான் தைத்தேன் என்று சொன்னால் என்னையும் பிடித்து வைத்துவிடுவார்கள், அப்புறம் அவளுக்கு யார் சோறு போடுவது என்று மெஷினை விட்டு எழவில்லை. வளர்மதி அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். பயமாகத்தான் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது என்றாள். பை என்னுடையது என்று நான் மட்டும் போய்ச் சொன்னால், தையல் உன் மகள் தலையில் அப்படியே நிற்கும், இரண்டு பேரும் சேர்ந்து சொன்னால்தான் முழுசாக இருக்கும் என்று சொன்னாள். ஜாஹிதா மெஷினை மூடினாள். பிறகு எழுந்து, பெட்டியிலிருந்து அந்த நீல நூல்கண்டைத் தேடி எடுத்து ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டாள்.

திருவண்ணாமலையிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறி, கிளாம்பாக்கத்தில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, மதியம் விமான நிலைய ஸ்டேஷனுக்குப் போனார்கள். இர்பானாவும் கூட இருந்தாள். அமலா ஒரு ஜூனியரை அனுப்பியிருந்தார்.

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள். புதன்கிழமை இந்தப் பெண் என்னுடையது என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள், வெள்ளிக்கிழமை உரிமம் உள்ள ஒரு அம்மா வந்து என்னுடையது என்கிறார், பெண்ணைக் காப்பாற்ற ஊரில் கூடிப் பேசி ஆளைத் தயார் செய்து அனுப்பியிருக்கிறீர்கள் என்றுதானே நினைக்கத் தோன்றும் என்றார். வளர்மதி உரிமப் புத்தகத்தையும் ரசீதையும் மேசைமேல் வைத்தாள். இருபத்தைந்து வாங்கினது, பதினேழு கூடு, ஏழு தோட்டா என்று காட்டினாள். ஜாஹிதா நூல்கண்டை வைத்தாள்.

"நீங்க சொல்றது உங்க மேலயே கேஸ் ஆகும்னு தெரியுமா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"தெரியும் சார். எழுதிக்கங்க."

"வக்கீல் சொல்லிக் குடுத்தாரா?"

"வக்கீலம்மா போவாதேன்னுதான் சொன்னாங்க" என்றாள். அது முழு உண்மை இல்லை. ஆனால் பக்கத்தில் இருந்த ஜூனியர் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

மூன்று பேரையும் தனித்தனியாக உட்காரவைத்து மூன்று மணி நேரம் விசாரித்தார்கள். இர்பானா, முதலில் சொன்னது பொய் என்றும் ஏன் சொன்னாள் என்றும் எழுதிக் கொடுத்தாள். அதுவே தன்மேல் இன்னொரு குற்றமாகிவிடுமோ என்று பயந்துகொண்டேதான் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்தபோது மூவரும் ஒரே மாதிரி சொல்லியிருந்தார்கள். பேசிவைத்துக்கொண்டதால் அல்ல, நடந்தது ஒன்றுதான் என்பதால். இன்ஸ்பெக்டர் வாசல் வரை வந்தார். கடையிலும் ஊரிலும் விசாரிக்க ஆள் அனுப்புவேன், நீங்கள் சொன்னது சரியாக இருந்தால் கோர்ட்டுக்கு அப்படியே எழுதுவேன், கூட்டியும் எழுத மாட்டேன் குறைத்தும் எழுத மாட்டேன் என்றார். சொன்னபடியே செய்தார்.

ஆனால் வழக்கு என்பது சொன்னவுடன் முடிவதில்லை. மஸ்கட் ஆஸ்பத்திரி இரண்டு வாரம் காத்திருந்துவிட்டு வேறொருத்தியை எடுத்துக்கொண்டது. இர்பானா பழைய ஆஸ்பத்திரிக்கே திரும்பினாள். அங்கே சிலர், தோட்டா கொண்டுபோன பெண் என்று காதுபடப் பேசினார்கள். அவள் பெயரைப் பார்த்து வேறு அர்த்தம் எடுத்தவர்களும் இருந்தார்கள். கடைவீதியில் ஒருவர் அப்படி ஏதோ சொல்ல, வளர்மதி காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரில் போய் நின்றாள். அது என் தோட்டா, சந்தேகம் இருந்தால் உள்ளூர் ஸ்டேஷனில் என் கையெழுத்து இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். அன்றிலிருந்து அவள் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் அதைச் சொன்னாள். ரேஷன் கடையில் சொன்னாள், கமிட்டியில் சொன்னாள், நூறு நாள் வேலையில் சொன்னாள். உஸ்மானுக்குக்கூடக் கூச்சமாகிவிட்டது. போதும் விடுங்க அக்கா என்று அவரே கேட்டுக்கொண்டார். பங்குனியிலிருந்து முகம் கொடுக்காமல் இருந்த மனிதர் அவளிடம் மறுபடி பேசியது அன்றுதான்.

நடுவில் ஒருநாள், தெரிந்தவர் மூலமாக ஒரு யோசனை வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டால், ஒரே தோட்டா என்பதால் நீதிபதி இரக்கப்பட்டுத் தண்டனையைக் குறைக்கலாம், சீக்கிரம் முடிந்துவிடும் என்று. இர்பானா ஒரு வாரம் யோசித்தாள். வெளிநாட்டு வேலைக்கான ஒவ்வொரு விண்ணப்பத்திலும், உங்கள்மேல் குற்ற வழக்கில் தண்டனை உண்டா என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் உண்டு என்று எழுதினால் அதோடு சரி. அதற்காக மட்டும் இல்லை, செய்யாததைச் செய்தேன் என்று ஏற்கெனவே ஒருமுறை கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இன்னொருமுறை போடமாட்டேன் என்றாள். அமலாவின் சீனியர் மூலம் ஐகோர்ட்டில் மனு தாக்கலானது.

வழக்குப் பதிவான பதினோராவது மாதம் அது விசாரணைக்கு வந்தது. இன்ஸ்பெக்டரின் அறிக்கை, கடைக்காரரின் வாக்குமூலம், செஞ்சி ரைட்டர் எழுதின ரசீது எல்லாம் இருந்தன. அரசுத் தரப்பும் பெரிதாக எதிர்க்கவில்லை. விசாரணை இருபது நிமிஷம்கூட இல்லை. தன் கையில் இருப்பதே தெரியாத ஒரு பொருளுக்காக ஒருவரைத் தண்டிக்க முடியாது, இந்த வழக்கைத் தொடர்வதில் அர்த்தமில்லை என்று சொல்லி நீதிபதி ரத்து செய்தார். பாதுகாப்பு அதிகாரிகள் செய்தது சரி, அவர்கள் பையைத் திறந்திருக்காவிட்டால்தான் தவறு என்றும் சேர்த்துச் சொன்னார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த வளர்மதிக்கு இங்கிலீஷ் புரியவில்லை. இர்பானா திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டியதும் புரிந்தது. ஜாஹிதா அவள் கையை வலிக்கும் அளவுக்குப் பிடித்துக்கொண்டாள்.

வளர்மதியின் வழக்கு தனியாக நடந்தது. தெரிந்தே கொடுத்தனுப்பினாள் என்ற பேச்சு விசாரணையிலேயே அடிபட்டுப்போனது. உரிம நிபந்தனையை மீறித் தோட்டாவைப் பாதுகாப்பில்லாமல் விட்டது என்பது மட்டும் மிஞ்சியது. மகன் விமல்ராஜ் லீவு போட்டுவிட்டு வந்து கோர்ட்டில் கூட நின்றான். ஓசூரிலிருந்தே ஒரு வக்கீலைக் கூட்டி வந்திருந்தான். புருஷன் காலத்தில் நடந்தது, இவருக்குப் பொறுப்பில்லை என்று வாதாடலாம் என்றார் அந்த வக்கீல். வளர்மதி ஒத்துக்கொள்ளவில்லை. உரிமம் என் பெயரில் வந்த அன்றைக்கே எண்ணிப் பார்க்க வேண்டியது என் வேலை, நான் பார்க்கவில்லை என்று மாஜிஸ்டிரேட்டிடம் நேராகச் சொன்னாள். குற்றம் செய்ததாக ஒப்புக்கொள்கிறீர்களா என்று அவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் ஆமாம் என்றாள். அபராதம் போட்டார். சிறை இல்லை.

கோர்ட்டை விட்டு வெளியே வந்ததும் விமல்ராஜ் டீ வாங்கிக் கொடுத்தான். டீயைக் குடித்துவிட்டு, அடுத்த மாதம் மல்லாட்டை பிடுங்க ஆள் கிடைக்கவில்லை என்றால் சொல், வருகிறேன் என்றான்.

உரிமத்துக்கு விழுப்புரத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். அவளே போய் நின்றாள். நடந்ததைச் சொன்னாள். தானாக வந்து சொன்னதையும், மிச்சம் இருந்ததை உடனே ஒப்படைத்ததையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, ரத்து செய்யாமல் இரண்டு வருஷம் நிறுத்திவைத்து உத்தரவு போட்டார்கள். துப்பாக்கி ஸ்டேஷனிலேயே இருக்கிறது.

துப்பாக்கி இல்லாத முதல் போகத்தில் பன்றிகள் முக்கால் ஏக்கரைத் தின்றுவிட்டன. இரண்டாவது போகத்துக்கு மானியத்தில் சோலார் வேலி போட்டிருக்கிறாள். மழை நாட்களில் அது சரியாக வேலை செய்வதில்லை என்பதால், ஓரமெல்லாம் பழைய புடவைகளைக் கட்டிவைத்திருக்கிறாள். கொஞ்சம் பரவாயில்லை என்கிறாள்.

இர்பானாவுக்குப் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்த நான்காவது மாதம் தோஹாவில் வேலை கிடைத்தது. இந்தத் தடவை கடையில் புதுப்பை வாங்கினார்கள். புதுப்பையாக இருந்தும் வளர்மதி அதை ஒரு மணி நேரம் சோதித்தாள். அட்டையைத் தூக்கினாள், ஜிப் ஒவ்வொன்றையும் திறந்தாள், உள்துணியை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஊரில் வெளிநாடு போகிற வேறு சிலரும் இப்போது பையைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வருகிறார்கள். போன வாரம் வல்லத்திலிருந்து வந்த ஒருவரின் பையில் பாக்குவெட்டி இருந்தது. அவர் மாமியார் வைத்ததாம். அவருக்கு ஒரு அரைமணி நேரம் பாடம் நடந்தது.

தோஹாவிலிருந்து இர்பானா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுகிறாள். முதலில் அம்மாவிடம், அப்புறம் பெரியம்மாவிடம். ஒருநாள் நான் இருக்கும்போதே போன் வந்தது. அந்தத் துப்பாக்கி இனி எதுக்கு பெரிம்மா, விட்டுடுங்களேன் என்று அவள் சொல்வது எனக்கும் கேட்டது.

"விட்டுட்டா நான் தப்பு பண்ணிட்டு பயந்துட்டேன்னு ஆயிடும். தப்பு பண்ணேன், ஒத்துக்கினேன், அபராதமும் கட்டிட்டேன். இன்னும் இன்னா?" என்றாள் வளர்மதி.

அடுத்த ஆவணியோடு இரண்டு வருஷம் முடிகிறது. பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறாள், தோட்டா வைக்க. மனுவையும் எழுதிவிட்டாள், தேதி மட்டும்தான் பாக்கி. விழுப்புரம் ஆபீசில் அந்தப் பழைய கிளார்க் மாற்றலாகிப் போய்விட்டார், புது ஆள் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, போன திங்கட்கிழமை சும்மா ஒரு நடை போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தாள்.